பௌதிகப் பேரறிஞர் யாக்கோவ் பிரெங்கெல்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர், அவர் பெற்ற பரிசுகளையும் பட்டங்களையும் முதற்கண் எடுத்துரைப்பது வழக்கம். நாம் இங்கே கூறப் புகும் அறிஞர்க்கு அத்தகைய ஆரவாரப் புகழ் மிகுதியாக வாய்த்ததில்லை. ஆயினும், திடப்பொருள்களின் இயல்பை விளக்கும் பௌதிக நூல் ஒன்றை விரித்துப் படிக்கும் மாணவர் எவரும் அவர் பெயரை ஒரு முறையன்று, பல முறை எதிர்ப்படுவர். பிரெங்கெல் குறை, பிரெங்கெல் எக்ஸைட்டான், பூல்–பிரெங்கெல் விளைவு, பிரெங்கெல்–கொந்தோரோவா மாதிரி என அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கருத்துக்கள் பல. பெயரை அறிந்தோர் பலராயினும், அப்பெயர்க்கு உரியவரை அறிந்தோர் நம்முள் சிலரே. ஆதலின் அவரது வாழ்க்கையை நம் மாணவர்க்குச் சுருக்கமாக எடுத்துரைக்கத் துணிந்தோம்.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சில அணுக்களின் பருமனே உடைய மெல்லிய குறைகடத்தித் தகடுகளில் ஒளி நிகழ்த்தும் விந்தைகளை இன்று உலகின் பல ஆராய்ச்சிசாலைகளிலும் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியின் வேரைத் தேடிச் செல்வோமாயின், 1931ஆம் ஆண்டில் இவர் எழுதிய இரண்டு கட்டுரைகளைச் சென்றடைவோம். அக்காலத்தில் அத்தகைய தகடும் இல்லை. அவர் கூறியதைக் கண்ணாற் காட்டத்தக்க சோதனையும் இல்லை. கருத்து முன்னே பிறந்தது. காட்சி பின்னே வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே கிடந்த காலத்தில் அவ்வறிஞர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதே நாம் அறியத்தக்கது.

இளமையும் கல்வியும்

யாக்கோவ் இலியிச் பிரெங்கெல் 1894ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள், தென் ருஷியாவில் தோன் ஆற்றங்கரையிலுள்ள ரஸ்தோவ் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவர் தந்தையார் இளமையில் ஜார் மன்னரின் ஆட்சியை எதிர்த்த இயக்கத்தில் ஈடுபட்டுச் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். கொள்கைக்காகத் துன்பம் ஏற்ற தந்தையின் மடியில் வளர்ந்த மகனுக்கு, அஞ்சாமை குடிப்பிறப்போடு வந்த செல்வம் எனலாம். சிறுவர் யாக்கோவ் வயலின் வாசிக்கவும் ஓவியம் தீட்டவும் பழகினார். இவ்விரு கலைகளையும் அவர் பின்னர் ஒருநாளும் கைவிட்டாரல்லர்.

குடும்பம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிற் குடியேறிய பின், அங்கே மாய் என்பார் பெயரால் வழங்கிய உயர்தரப் பாடசாலையில் அவர் கல்வி கற்றார். பள்ளிப் பருவத்திலேயே கணிதத்தில் ஒரு புதிய முறையைத் தாமே வகுத்து முடித்தார். ஆனால் அது முன்னோர் கண்டறிந்த ஒன்றே என்பது பின்னர்த் தெரியவந்தது. வேறொரு மாணவனாயின் மனமுடைந்து எழுதுகோலைக் கீழே வைத்திருப்பான். இவரோ, பெரியோர் சென்ற வழியைத் துணையின்றித் தாமே கண்டுபிடித்ததில் ஊக்கமே கொண்டார் போலும்; அடுத்தபடியாகப் பூமியின் காந்த சக்தியையும் வாயுமண்டலத்தின் மின்சாரத்தையும் குறித்து ஆராயத் தொடங்கினார். இம்முயற்சி பேராசிரியர் ஆபிராம் யோஃபே என்பாரின் கவனத்தை ஈர்த்தது. அந்த அறிமுகம் வாழ்நாள் முழுவதும் நீடித்த தொடர்பாயிற்று.

1913இல் தங்கப் பதக்கத்துடன் பள்ளிக் கல்வியை முடித்துச் சர்வகலாசாலையிற் சேர்ந்த பிரெங்கெல், மூன்றே ஆண்டுகளில் 1916இல் பட்டம் பெற்று வெளிவந்தார். அவ்வாண்டில் யோஃபே தம் இளைய நண்பர் சிலரைக் கூட்டிப் புதிய பௌதிகத்தைக் கலந்து ஆராயும் கழகம் ஒன்றை நடத்தி வந்தார். அதில் அமர்ந்திருந்தோருள் கப்பீட்சாவும் செம்யோனவும் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர். ஓர் ஆசிரியர் ஓர் அறையிற் கூட்டிய சில இளைஞரே ஒரு தேசத்தின் விஞ்ஞானத்துக்கு வித்தாயினர் என்பது கலாசாலைகளில் வாழும் நாம் மறவாது நினைக்கத்தக்க செய்தியாகும்.

புரட்சியும் சிறையும்

அக்காலத்து ருஷியாவில் அமைதி எங்கும் இல்லை. 1917இல் மன்னராட்சி வீழ்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. 1918இல் பிரெங்கெல் கிரிமியா நாட்டின் சிம்ஃபெரோப்போல் நகரில் புதிதாகத் தோன்றிய சர்வகலாசாலைக்கு ஆசிரியராகச் சென்றார். சோவியத் ஆட்சி அங்கே நிலவியபோது கல்வித் துறையில் அவர் பணி புரிந்தார். 1919இல் வெண்படையினர் அந்நகரைக் கைப்பற்றியதும், அப்பணியையே குற்றமாகக் கொண்டு அவரைச் சிறையிலிட்டனர். பள்ளிகளைச் சீர்ப்படுத்த உழைத்தவர்க்குக் கிடைத்த கைம்மாறு அதுவாயிற்று. சில காலத்தின் பின் விடுதலை பெற்று மீண்டும் தம் ஆசிரியத் தொழிலையே மேற்கொண்டார். அச்சர்வகலாசாலையில் அவருடன் பணியாற்றிய இகோர் தம் என்னும் இளைஞரும் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவரே.

1921இல் பிரெங்கெல் பழைய தலைநகருக்குத் திரும்பினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அப்போது பெத்ரோகிராட் என வழங்கிற்று. 1924இல் லெனின்கிராட் ஆயிற்று. 1991இல் பழம்பெயரை மீண்டும் பெற்றது. அங்கே யோஃபே நிறுவியிருந்த பௌதிகத் தொழில்நுட்ப நிலையத்தில், கொள்கைப் பௌதிகப் பகுதியின் தலைமைப் பொறுப்பை பிரெங்கெல் ஏற்று, இறக்குங்காறும் அப்பதவியில் இருந்தார். பாலிடெக்னிக் கலாசாலையிலும் பேராசிரியராய் விளங்கினார். நாட்டிற் பாடநூல்கள் அருகிக் கிடந்த அக்காலத்தில் மின்னியக்கவியல், அலை இயந்திரவியல் முதலிய துறைகளில் நூல் மேல் நூலாக எழுதி, ஒரு தலைமுறை மாணவர்க்கு வழி காட்டினார்.

வெற்றிடத்தின் பயணம்

1925, 1926ஆம் ஆண்டுகளில் ராக்ஃபெல்லர் உதவித்தொகை பெற்று அவர் ஜெர்மனி முதலிய மேல்நாடுகளிற் பயணஞ் செய்தார். குவாண்டம் இயந்திரவியல் பிறந்துகொண்டிருந்த காலம் அது. 1926இல், சுழலும் எலெக்ட்ரானின் மின்னியக்கவியலைக் குறித்து அவர் எழுதிய கட்டுரை அறிஞரிடையே மதிப்புப் பெற்றது. அவ்வாண்டிலேயே அவர் வெளியிட்ட மற்றொரு கட்டுரைதான், அவரது சிந்தனையின் தனிப்போக்கை நமக்குக் காட்டுவது.

படிகம் என்றால் அணுக்கள் வரிசை பிறழாமல் அணிவகுத்து நிற்கும் கூட்டம் என்றே நாம் பாடம் படிக்கிறோம். உப்புக் கல்லும் வைரமும் அவ்வாறு அமைந்தவையே. ஆனால் பிரெங்கெல் இவ்வணிவகுப்பை உயிரற்ற ஒன்றாகக் கருதவில்லை. வெப்பத்தால் அணுக்கள் எப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. எப்போதாவது ஓர் அணு மிகுந்த சக்தி பெற்றுத் தன் இடத்தை விட்டு வெளியேறி, அடுத்த இடுக்கில் நுழைந்துகொள்ளும். அது விட்டுச் சென்ற இடம் வெறுமையாகக் கிடக்கும். அவ்வெறுமைக்குள் பக்கத்து அணு புகுந்தால், வெறுமை அதன் இடத்துக்கு நகர்ந்துவிடும். இவ்வாறு இல்லாத ஒன்று, உள்ள பொருளைப் போலவே படிகத்தின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் பயணஞ் செய்யும். திடப்பொருளினூடே அணுக்கள் பரவுவதும், சில உப்புப் படிகங்களில் மின்சாரம் பாய்வதும் இவ்வாறே என்று அவர் விளக்கினார். குறையைக் குறையென ஒதுக்காமல், அதனையே ஒரு பொருளாகக் கொண்டு அதன் நடமாட்டத்தைக் கணக்கிட்டதே அவர் செய்த புதுமை.

இம்மனப்பான்மை அவருடைய பிற பணிகளிலும் காணப்படும். காந்தப் பொருள்கள் சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்து நிற்பதன் காரணத்தை 1930இல் டோர்ஃப்மன் என்பாருடன் ஆராய்ந்தார். 1938இல் தத்யானா கொந்தோரோவா என்னும் அம்மையாருடன் சேர்ந்து, அணுவரிசையில் நேரும் ஒரு சிறு பிறழ்ச்சி முழு வரிசையையும் கலைக்காமல் தனியே நடந்து செல்வதைக் கணக்கிட்டுக் காட்டினார். பொருள் நின்ற இடத்திலேயே நிற்க, நிலை மட்டும் நடந்து செல்லும் என்னும் கருத்து அவர் சிந்தனை முழுவதும் ஊடுருவிச் செல்லும் இழையாகும். அவ்விழையின் ஒளிமிக்க மணியே எக்ஸைட்டான்.

ஒளி எங்கே செல்கிறது?

1930இல் பிரெங்கெல் அமெரிக்கா சென்று, மினசோட்டா சர்வகலாசாலையில் விருந்தாசிரியராக இருந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பௌதிக இதழாகிய ஃபிஸிக்கல் ரெவ்யூவில், திடப்பொருள்களில் ஒளி வெப்பமாக மாறுவதைப் பற்றிய அவரது கட்டுரை இரு பகுதிகளாக வெளிவந்தது.

கேள்வி மிக எளிது. வெயிலிற் கிடக்கும் கல் சுடுகிறது. ஒளியைக் கல் விழுங்கிற்று, வெப்பம் பிறந்தது. இடையில் நிகழ்ந்தது யாது? ஒளியின் ஒரு குவாண்டம் பெரிய நாணயம் போன்றது. அணுக்களின் நடுக்கத்துக்குரிய குவாண்டம் சில்லறை போன்றது. பெரிய நாணயம் ஒரே நொடியில் அத்தனை சில்லறையாகச் சிதறுவது எளிதன்று. அன்றியும், மின்சாரத்தைக் கடத்தாத பல படிகங்கள் ஒளியை நன்றாக விழுங்கியும், அவ்வொளியால் மின்சாரம் கடத்துவனவாக மாறுவதில்லை. ஒளி எலெக்ட்ரானைப் பிடுங்கி விடுதலை செய்திருந்தால் மின்னோட்டம் தோன்றியிருக்க வேண்டுமன்றோ? அது தோன்றாமையால், ஒளியின் சக்தி மின்னூட்டம் இல்லாத ஏதோ ஒரு வடிவில் படிகத்துள் தங்கியிருத்தல் வேண்டும்.

பிரெங்கெல் கண்ட விடை இது. ஒளியைப் பெற்ற அணு கிளர்ச்சி அடைகிறது. ஆனால் படிகத்திலுள்ள அணுக்கள் யாவும் ஒரே தன்மையன. ஒன்றின் கிளர்ச்சி அடுத்ததற்குக் கைமாறுவதற்குத் தடை இல்லை. ஆகவே கிளர்ச்சி ஓர் அணுவுக்கு மட்டும் உரிமையாகாமல், அணுவுக்கு அணு தாவி அலை போலப் பரவுகிறது. நெல் வயலிற் காற்று வீசும்போது, வரப்பிலிருந்து வரப்புக்கு அலை ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். பயிர் ஒன்றும் தன் வேரை விட்டு நகர்வதில்லை. அசைவு மட்டுமே ஓடுகிறது. படிகத்துள் ஓடும் கிளர்ச்சியும் அத்தகையதே. அது சக்தியைச் சுமந்து செல்லும், மின்னூட்டத்தைச் சுமப்பதில்லை. செல்லும் வழியில் தன்னைச் சூழ்ந்த அணுக்களைச் சற்றே இடம்பெயர்த்து ஓரிடத்தில் அகப்பட்டுக்கொள்ளுமாயின், அங்கே தன் சக்தியை நடுக்கமாகப் பகிர்ந்து வெப்பமாகிவிடும். கல் சுடுவதன் காரணம் இதுவே.

இக்கிளர்ச்சிப் பொட்டலத்துக்கு எக்ஸைட்டான் என்னும் பெயரை அவர் 1936இல் சூட்டினார். அடுத்த ஆண்டில் வானியே என்பார் அதன் மற்றொரு வடிவத்தை விளக்கினார். குறைகடத்திகளில் எலெக்ட்ரான் தன் இடத்தை விட்டெழும்போது, அங்கே நேர்மின்னூட்டமுடைய துளை ஒன்று உண்டாகும். அத்துளையும் எலெக்ட்ரானும் ஒன்றையொன்று ஈர்த்து, ஹைட்ரஜன் அணுவைப் போல ஓர் இணையாகச் சுற்றிவரும். பிரெங்கெல் கூறிய எக்ஸைட்டான் ஓர் அணுவின் எல்லைக்குள் அடங்கியது. வானியே கூறியதோ பல அணுக்களின் மேல் பரந்து நிற்பது. இரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளே. 1948இல் கீவ் நகரத்து தவீதவ் என்பார், பிரெங்கெல் வகுத்த நெறியைப் பற்றி நின்று, மூலக்கூறுகளால் ஆகிய படிகங்களின் ஒளியியல்பை விளக்கினார்.

சோதனைக் காலம்

எக்ஸைட்டான் என்பது அக்காலத்தில் காகிதத்தில் வாழ்ந்த ஒரு கருத்து. அதனைக் காட்டுக என்று கேட்போர்க்குக் காட்டத்தக்கது ஒன்றும் இல்லை. அதே வேளையில், கண்ணுக்குத் தெரியாத அலைகளையும் துகள்களையும் பற்றிப் பேசும் புதிய பௌதிகத்தையே ஐயுற்று நோக்கிய அதிகாரிகள் அந்நாட்டில் இருந்தனர். அரசாங்கத்தின் தத்துவமாகிய இயங்கியல் பொருள்முதல்வாதத்துக்குப் பௌதிகமும் பணிந்து நடத்தல் வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். 1930களின் தொடக்கத்தில், விஞ்ஞானத்துக்கு வழிகாட்டும் அதிகாரம் அத்தத்துவத்துக்கு இல்லை என்பதைப் பிரெங்கெல் வெளிப்படையாகவே கூறினார். அந்நாளில் அவ்வாறு கூறுவது எளிய செயலன்று.

அதன் பின் வந்த ஆண்டுகள் கொடியவை. அவர் தலைமை வகித்த பகுதியைச் சேர்ந்த இளைய அறிஞர் மத்வேய் பிரான்ஸ்டெயின் 1937இல் சிறைப்பிடிக்கப்பட்டு, 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பத்திரண்டு வயதும் நிரம்பாத அவ்விளைஞரை இழந்தது உலகப் பௌதிகத்துக்கே பெரு நஷ்டமாகும். முன்னர் அந்நிலையத்திற் பணியாற்றிய லந்தாவும் 1938இல் சிறை புகுந்து ஓராண்டு துன்புற்றார். இந்நிகழ்ச்சிகளுக்கு நடுவே வாழ்ந்த பிரெங்கெல், தம் நூல்களில் தத்துவக் குற்றம் உண்டென்று எழுந்த கண்டனங்களைக் கேட்டார். உலகப் போரின் பின், 1940களின் இறுதியில், அக்கண்டனங்கள் மீண்டும் வலுத்தெழுந்தன. ஆயினும் குவாண்டம் இயந்திரவியலையோ சார்பியலையோ அவர் கைவிட்டாரல்லர். தாம் மெய்யெனக் கண்டதைப் பொய்யென எழுதித் தரவும் இல்லை.

1939இல் யுரேனியம் அணுக்கரு பிளவுபடும் செய்தி வந்தவுடன், அக்கருவை மின்னூட்டம் பெற்ற நீர்த்துளியாகக் கொண்டு அப்பிளவை விளக்கிய முதல்வருள் அவரும் ஒருவர். இதற்கும் முன்னரே, 1928இல், மிக நெருக்கமுற்ற எலெக்ட்ரான் வாயுவின் இயல்பை ஆராய்ந்து அடர்த்தி மிக்க விண்மீன்களைப் பற்றியும் எழுதியிருந்தார். நம் தமிழ்க் குடும்பத்திற் தோன்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர் சில ஆண்டுகளில் அழியாப் புகழ் ஈட்டியதும் இத்தகைய விண்மீன்களைப் பற்றிய ஆராய்ச்சியினாலேயே.

1941இல் ஜெர்மானியப் படைகள் லெனின்கிராட்டை முற்றுகையிட்ட காலத்தில், பௌதிக நிலையம் வால்கா நதிக்கரையிலுள்ள கஜான் நகருக்கு மாற்றப்பட்டது. பிரெங்கெலும் அங்குச் சென்று போர்க்கால இடர்களுக்கு நடுவே தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். திரவங்களின் இயக்கக் கொள்கை என்னும் அவரது பெருநூல் 1945இல் ருஷிய மொழியிலும், 1946இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. திரவத்தை நெருங்கிய வாயு என்று எண்ணியோர் பலர். அதனைத் தளர்ந்த படிகமாகவும் நோக்கலாம் என்று அவர் நிறுவினார். திரவத்தின் அணு ஓரிடத்தில் சிறிது நேரம் நின்று நடுங்கி, பின் அடுத்த இடத்துக்குத் தாவும் என்பது அவர் கூறிய முறை. படிகத்தில் வெற்றிடம் நடக்கக் கண்ட கண்ணே இங்கும் கண்டது. அந்நூலுக்காக 1947இல் அரசாங்கத்தின் உயர்ந்த பரிசு அவர்க்கு அளிக்கப்பட்டது. ஒரு கையாற் பரிசளித்து, மறு கையாற் கண்டனம் எழுதிய காலம் அது.

1952ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23ஆம் நாள் பிரெங்கெல் லெனின்கிராட்டில் இறந்தார். அப்போது அவர்க்கு ஐம்பத்தெட்டு வயது நிரம்பவில்லை. விஞ்ஞானக் கழகத்தின் தொடர்பு உறுப்பினராக 1929இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், முழு உறுப்பினர் பதவியை இறுதிவரை எய்தவேயில்லை.

கருத்து காட்சியாயிற்று

அவர் மறைந்த அதே 1952ஆம் ஆண்டில், அதே லெனின்கிராட் நகரில், எவ்கேனி கிரோஸ் என்னும் அறிஞரும் கரியேவ் என்னும் அவர் மாணவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செம்பு ஆக்ஸைடுப் படிகத்தை மிகக் குளிரச் செய்து, அதனூடே ஒளியைச் செலுத்தி, வெளிவந்த ஒளியைப் பகுத்து ஆராய்ந்தபோது, ஹைட்ரஜன் அணுவின் நிறமாலையைப் போன்றே ஒழுங்காக அடுக்கிய கருங்கோடுகளை அவர்கள் கண்டனர். துளையைச் சுற்றும் எலெக்ட்ரானின் கையெழுத்தே அக்கோடுகள். எக்ஸைட்டான் காகிதத்தை விட்டுப் படிகத்துக்கு வந்துவிட்டது. கருத்து தோன்றி இருபத்தோர் ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்று பச்சையிலைகளில் சூரியவொளியின் சக்தி பச்சைய மூலக்கூறு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிச் செல்வதையும் பிரெங்கெலின் எக்ஸைட்டானைக் கொண்டே விளக்குகின்றனர். 2014இல் ஜெர்மானிய அறிஞர் செம்பு ஆக்ஸைடில் ஒரு மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட ஆரமுடைய பேரெக்ஸைட்டான்களைக் கண்டனர். ஆயினும் எக்ஸைட்டானின் வலிமை முழுவதும் வெளிப்பட்டது மெல்லிய தகடுகளிலேயே ஆகும்.

மாலிப்டினம் டைசல்பைடு என்பது இயந்திரங்களுக்கு மசகாகப் பூசும் ஒரு கரிய பொருள். அது ஏடுகள் அடுக்கிய சுவடி போன்ற அமைப்புடையது. ஒவ்வோர் ஏட்டிலும் ஒரு மாலிப்டின வரிசை நடுவிலும், கந்தக வரிசைகள் மேலும் கீழும் நிற்கும். அவ்வேட்டின் பருமன் ஏறக்குறைய 0.65 நானோமீட்டர், அதாவது தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. சுவடியாகக் கிடக்கும்போது அது ஒளிர்வதில்லை என்றே கூறலாம். தனியேடாகப் பிரித்தால் அதன் ஒளிரும் திறன் பத்தாயிரம் மடங்குக்கு மேல் உயர்கிறது என்று 2010இல் அமெரிக்காவில் ஆராய்ந்தோர் கண்டனர். அவ்வொளி எக்ஸைட்டான்களிலிருந்து பிறப்பதே.

தனியேட்டில் எக்ஸைட்டான் ஏன் அத்துணை வலிமை பெறுகிறது? பெரிய படிகத்தில் எலெக்ட்ரானுக்கும் துளைக்கும் இடையேயுள்ள ஈர்ப்பைச் சூழ நிற்கும் அணுக்கள் மறைத்து மெலிவிக்கின்றன. கூட்டத்தின் நடுவே பேசுவோர் இருவரின் குரலை இரைச்சல் அமிழ்த்துவது போல. தனியேட்டிலோ மேலும் கீழும் வெறுவெளி. ஈர்ப்பு விசை அவ்வெளியின் வழியே மறைப்பின்றிச் செல்கிறது. அன்றியும், இணை தட்டையான வெளிக்குள் அடைபட்டிருப்பதால் இரண்டும் மேலும் நெருங்குகின்றன. காலியம் ஆர்ஸனைடு படிகத்தில் எக்ஸைட்டானின் பிணைப்பு ஏறத்தாழ 4 மில்லி எலெக்ட்ரான்-வோல்ட். அறையின் வெப்பமோ ஏறத்தாழ 25. ஆகவே அவ்விணை அறையின் சூட்டிலேயே பிரிந்துவிடும். டங்ஸ்டன் டைசல்பைடின் தனியேட்டில் அப்பிணைப்பு ஏறத்தாழ 320 என 2014இல் அளந்தனர். வெப்பத்தைப் போலப் பன்மடங்கு வலிமையுடைய அவ்விணை, அறைச் சூட்டில் கலங்காது நிற்கும். அது பல அணுக்களின் மேல் பரந்திருப்பதால் வானியேயின் வகை. இறுகப் பிணைந்திருப்பதால் பிரெங்கெலின் வகையை ஒத்தது. இரு வகையின் இயல்பும் ஓரிடத்திற் கூடின.

அதன் வாழ்நாள் மிகக் குறுகியது. ஒரு வினாடியை லட்சம் கோடிக் கூறாக்கினால், அவற்றுட் சில கூறுகளுக்குள்ளேயே ஒளியாகி மறையும் எக்ஸைட்டான்களும் உண்டு. எனினும் அச்சிறு வாழ்வில் அது செய்யும் செயல் பெரிது. மாலிப்டினம் டைசெலினைடின் ஓரேடு, குளிர்ந்த நிலையில் தனக்குரிய நிறத்தையுடைய ஒளியின் பெரும்பகுதியைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புவதை 2018இல் கண்டனர். மூன்று அணுக்களின் பருமனே உடைய ஆடி அது. இரு வேறு ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றே திருப்பி வைத்தால், சல்லாத் துணிகள் இரண்டை அவ்வாறு வைத்தபோது தோன்றும் அலைக்கோலம் போன்ற ஒரு கோலம் அணுக்களிலும் தோன்றுகிறது. அக்கோலத்தின் குழிகளில் எக்ஸைட்டான்கள் சிறைப்பட்டிருப்பதை 2019இல் பலர் கண்டறிந்தனர். குழிக்குக் குழி தாவும் கிளர்ச்சி என்று எண்ணும்போது, அணுவுக்கு அணு தாவும் கிளர்ச்சியைக் கூறிய முதற்கட்டுரையே நம் நினைவுக்கு வருகிறது.

முடிவுரை

பிரெங்கெலின் வாழ்க்கையிலிருந்து நாம் பெறுவது யாது? அவர் எக்ஸைட்டானைச் சொன்ன நாளில் அதனால் ஒரு பயனும் விளையும் என்று எவரும் கூறியிருக்க முடியாது. வெயிலில் கல் சுடுவது ஏன் என்னும் சிறு கேள்விக்கு மெய்யான விடை காண வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவ்விடையைக் கண்ட பின், சோதனை இல்லையே என்று அதனைக் கைவிடவும் இல்லை. அதிகாரம் வெகுண்டதே என்று தாம் கண்ட பௌதிகத்தை மாற்றி எழுதவும் இல்லை. இருபத்தோர் ஆண்டுகள் கழித்துச் செம்புப் படிகமும், எண்பதாண்டளவில் மெல்லிய தகடும் அவர்க்குச் சான்று கூறின.

விதைத்தவர் வேறு, அறுத்தவர் வேறு ஆகலாம். விளைச்சல் உலகுக்குப் பொது. படிகத்துள் ஓடும் கிளர்ச்சி ஓர் அணுவிற் தங்காமல் அடுத்ததற்குச் சக்தியைக் கொடுத்துச் செல்வது போல, யோஃபேயிடமிருந்து பிரெங்கெலுக்கும், பிரெங்கெலிடமிருந்து அவர் நூல்களைக் கற்ற எண்ணற்ற மாணவர்க்கும் அறிவு கைமாறிற்று. ஆசிரியர் அகன்றாலும் அவர் தந்த ஒளி நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நம் கலாசாலையிற் பௌதிகம் பயிலும் இளைஞரும் நங்கையரும் பயன் உடனே தோன்றவில்லையே என்று எந்த மெய்க்கேள்வியையும் இகழாது, எளிய கேள்விகளை அஞ்சாது கேட்டு, கண்ட விடையை உறுதியோடு பற்றி நிற்பாராக என்று விரும்பி இதனை முடிக்கிறோம்.